விலக்கில் இறங்கிய பிறகு

திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் 'விலக்கு'. பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் ஒரு சின்ன ரோடு பிரிகிற இடம் அது. ஒரு புளியமரம், சிமென்ட் பெயர்ந்த நிழற்குடை, இருந்தால் ஒரு டீக்கடை, கம்பத்தில் ஏதாவது ஒரு கொடி. கண்டக்டர் விசில் கொடுப்பார், வண்டி நிற்கும், இறங்குகிறவர் இறங்குவார், வண்டி போய்விடும். அங்கிருந்து வீடு 1 கிலோமீட்டரிலும் இருக்கலாம், 3 கிலோமீட்டரிலும் இருக்கலாம். டிக்கெட் அந்த இடத்தோடு முடிந்துவிடும். நடை அதற்கப்புறம்தான் தொடங்கும்.

பஸ்ஸில் பத்திரமாகப் போய்வருவது பற்றி யார் பேசினாலும் வண்டிக்குள் நடப்பதைத்தான் பேசுகிறார்கள். பர்ஸ் பத்திரம், நகை பத்திரம், படியில் நிற்காதே. அவையெல்லாம் சரிதான். ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இந்த வண்டிகளிலேயே போய்வந்துகொண்டிருப்பவள் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: நெல்லைச் சீமையில் ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூன்று விஷயங்கள். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது, அடுத்த வண்டி எப்போது வரும். இந்த மூன்றையும் பார்க்காமல் பயணிக்கு மட்டும் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது.

வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "அரிவாள் ஊராச்சே, ராத்திரி பஸ்ஸில் வரலாமா?" என்பதுதான். வரலாம். நெல்லையப்பரைக் கும்பிடவோ, குற்றாலத்துக்குப் போகவோ, பாளையங்கோட்டைக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கவோ வருகிறவர் மேல் இங்கே யாருக்கும் பகை கிடையாது. இந்த மண்ணில் நடக்கும் கொலைகளில் பல பழிக்குப் பழி. வெட்டுகிறவருக்கும் வெட்டுப்படுகிறவருக்கும் இடையே ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும். ஒரு வெளியூர்க்காரருக்கு இங்கே நேரக்கூடிய தொந்தரவுகள் எந்த ஊரிலும் நேரக்கூடியவை: கூட்டத்தில் கைவரிசை காட்டுகிறவர், கூடுதலாகக் கேட்கும் ஆட்டோ, கண்மண் தெரியாமல் ஓட்டும் டிரைவர்.

ஆனால் அதே வண்டியில், அதே சீட்டில், பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் மனசில் இருக்கும் ஊர்ப்படம் வேறு. எந்த விலக்கில் யார் கூடி நிற்பார்கள், எந்த நிறுத்தத்தில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், எந்த ஊர் தாண்டியதும் மூச்சு விடலாம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆபத்தான ஊர் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று நினைப்பதிலிருந்துதான் தவறான யோசனைகள் தொடங்குகின்றன.

இந்தச் சாதிப் பகைக்குப் பஸ் ஏன் களமாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிராமத்தில் தெரு என்பது பழைய கட்டுப்பாடுகளோடு இருந்த இடம். யார் செருப்பு போட்டு நடக்கலாம், யார் சைக்கிளில் ஏறிப் போகலாம், டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. பஸ் வந்தபோது அந்தச் சட்டம் அதற்குள் செல்லவில்லை. காசு கொடுத்தவருக்கு டிக்கெட், இடம் இருந்தால் சீட். தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர் இங்கே பக்கத்து சீட்டில் தோள் உரச உட்கார்ந்துவிட்டார். சிலருக்கு அது தாங்கவில்லை. சீட்டுத் தகராறு, 'என்ன பார்வை' என்கிற தகராறு, சத்தமாகப் பாட்டுப் போடுகிற தகராறு என்று நாம் சின்ன விஷயமாகப் பார்க்கிற பலவற்றுக்கு அடியில் இது கிடக்கிறது.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறு ஊர் ஊராகப் பரவி, வெட்டும் குத்துமாக நீண்டது. அதன் தொடர்ச்சியில் ஆகஸ்ட் 31 அன்று பட்டியல் சாதி மக்களின் ஊரான கொடியன்குளத்துக்குள் போலீஸார் புகுந்து வீடுகளைச் சூறையாடியது தமிழ்நாடே அறிந்த கதை. தொடக்கம் ஒரு பஸ். இரண்டு வருஷம் கழித்து, 1997-ல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. பட்டியல் சாதித் தலைவர் ஒருவரின் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரமாக வெடித்தது. கடைசியில் அந்த ஜூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. திருநெல்வேலி வண்டிகளில் இருந்த கட்டபொம்மன் பெயரும் அதோடு போனது. பாளையங்கோட்டைப் பக்கம் கண்டக்டர்கள் 'கே.டி.சி. நகர்' என்று கூவுகிறார்களே, அந்த மூன்றெழுத்தில் மட்டும் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் இன்னும் மிச்சமிருக்கிறது.

பெயரை எடுத்தார்கள். வண்டிக்குள் இருந்த பகையை எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

இன்று அது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து வண்டியில் ஏறுகிறது. பாளையங்கோட்டையிலும் பக்கத்துச் சிற்றூர்களிலும் பள்ளிகள் நெருக்கமாக இருப்பது இந்த ஊரின் பெருமை. அதனால்தான் நாற்பது ஐம்பது கிராமத்துப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஒரே ரோட்டில் திரளுகிறார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு வழித்தடத்தில் ஒரு வண்டி. அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. எல்லா ஊர்ப் பையன்களும், பெண்பிள்ளைகளும், சந்தைக்குப் போய்த் திரும்பும் பெரியவர்களும் அதில்தான் ஏற வேண்டும்.

படிக்கட்டில் தொங்குவதை வெறும் பிள்ளைக் குறும்பாகப் பார்க்கிறோம். படியில் பயணம் செய்வதையும், செய்ய விடுவதையும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 123-ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. போலீஸாரும் பிடித்து அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே இடமே இல்லாததால் தொங்குகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். படியைப் பிடித்துக்கொண்ட கூட்டம்தான் வாசலைப் பிடித்த கூட்டம். யாரை ஏறவிடுவது, யாரை இடித்துத் தள்ளுவது என்பது அவர்கள் கையில். நடுவழியில் ஏற வேண்டிய ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் படியைத் தாண்டி உள்ளே போவதே தினம் ஒரு பரீட்சை. அந்தப் பிள்ளைகள் முன்வாசலில் பெண்களோடு ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

2022-ல் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், கையில் கட்டிய கயிறு குறித்துத் தொடங்கிய சண்டையில் ஒரு மாணவன் இறந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. 2025 மார்ச்சில், பரீட்சை எழுதப் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனை ஸ்ரீவைகுண்டம் பக்கம் வண்டியை மறித்து இழுத்துப்போட்டு வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின. வண்டியில் ஆட்கள் இருந்தார்கள். பகல் வெளிச்சம் இருந்தது.

பள்ளியின் விதி பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் இதில் என் கவலை. வகுப்பில் கழற்றி வைத்த கயிறு பஸ் ஏறியதும் பைக்குள்ளிருந்து வெளியே வரும். பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், இடையில் உள்ள அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பொறுப்பான பெரியவர் யாருமே இல்லை. கண்டக்டரைக் கைகாட்டலாம். அத்தனை கூட்டத்தில் டிக்கெட் போட்டு முடிக்கவே அவருக்கு நேரம் போதாது. அதோடு டூட்டி மாறிக்கொண்டே இருப்பதால் இன்று வந்தவர் நாளை வருவதில்லை. பிள்ளைகளின் முகம் அவருக்குப் பழக்கமாவதற்குள் வேறு வழித்தடத்துக்குப் போய்விடுகிறார். பள்ளி நேரத்து டிரிப்புகளுக்காவது ஒரு கல்வி ஆண்டு முழுக்க அதே டிரைவரையும் கண்டக்டரையும் போட்டால் பாதித் தொல்லை குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். "ஏலே, ஒங்கய்யாகிட்ட சொல்லட்டுமா?" என்று பெயர் தெரிந்து கேட்கிற ஒரு கண்டக்டருக்கு முன்னால் எந்தப் பையனும் சட்டென்று கை ஓங்குவதில்லை. நாலரை மணிக்கு ஒரு வண்டி என்பதை நாலேகாலுக்கு ஒன்று, நாலே முக்காலுக்கு ஒன்று என்று ஆக்கினால் மீதியில் பெரும்பகுதி குறையும். நெரிசல் இருக்கும் இடத்தில்தான் உரசல் இருக்கும்.

பிரச்சினை உள்ள ஊர்களுக்குத் தனித்தனி வண்டி விட்டுவிடலாமே என்று நல்ல மனசோடு சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெருவில் இருந்த எல்லைக்கோட்டை நாமே பெயின்ட் அடித்து வண்டிக்குள் போட்டுக் கொடுப்பது போலாகும் அது. கூடுதல் வண்டி வேண்டும், எல்லாருக்குமான கூடுதல் வண்டி.

அதுவரை பெற்றோரும் பிள்ளைகளும் என்ன செய்வது? மிரட்டல் வந்த அன்று சொந்த விலக்கில் இறங்கவே கூடாது, இதைப் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். பின்தொடர்கிறவர்கள் எதிர்பார்ப்பது அந்த ஆளில்லாத 2 கிலோமீட்டரைத்தான். பஸ் ஸ்டாண்டோ கடைவீதியோ உள்ள ஊர் வரைக்கும் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போன் பண்ணட்டும். வண்டிக்குள்ளேயே கைகலப்பு என்றால், "அண்ணாச்சி, வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று சத்தமாகக் கேட்கலாம். நகை களவு போனால் வண்டியை நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டுகிற வழக்கம் இங்கே ரொம்பக் காலமாக உண்டு. கழுத்துச் சங்கிலிக்குச் செய்வதைக் கழுத்துக்கும் செய்யலாம். அவசரத்துக்கு 112. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098-க்கும் சொல்லலாம்.

சாதி சொல்லித் திட்டியதெல்லாம் வழக்கில் நிற்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மற்றவர்கள் பார்வையில் படும்படியான இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. ஆட்கள் இருக்கிற பஸ்ஸைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது? அந்தச் சட்டத்தின்படி வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கண்டக்டரின் மெஷின் தரும் அந்தச் சின்னத் தாளில் தேதியும் நேரமும் இருக்கும், எந்த வண்டியில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பாஸில் போகும் பிள்ளைகளிடம் டிக்கெட் இருக்காது என்பதால் வண்டி எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெண்களின் பயணத்துக்கு வருகிறேன். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் பிங்க் நிறம் அடித்த வண்டிகள் அவை. மாதச் செலவு மிச்சமாவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது செய்திருக்கும் உதவியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. முன்பெல்லாம் கூட்டத்தில் ஒருவன் உரசினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். இறங்கினால் கொடுத்த காசு போச்சு, அடுத்த வண்டிக்கு மறுபடியும் டிக்கெட். தினக்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது சின்னத் தொகை கிடையாது. இப்போது அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். நிரம்பி வழியும் வண்டியை விட்டுவிட்டு நிற்கலாம். பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போகும் உரிமையை அந்தக் காசில்லாத டிக்கெட் கொடுத்திருக்கிறது. பின்னால் இன்னொரு வண்டி வரும் வழித்தடத்தில் மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே இது நடக்கும். ஒரு நாளைக்கு நாலு டிரிப் மட்டுமே உள்ள கிராமத்தில் நடக்காது.

2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் பலருக்கும் தெரியாது. பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அதன்படி தவறு. புகார் வந்தால் அந்த ஆளை இறக்கிவிடுவதோ போலீஸில் ஒப்படைப்பதோ கண்டக்டரின் பொறுப்பு. ஏறி இறங்க உதவுகிறேன் என்று கண்டக்டரும் பெண்களைத் தொடக் கூடாது. ஆகையால் கண்டக்டரிடம் சொல்லும்போது தயவு கேட்கிற குரலில் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. தொலைதூர வண்டிகள் வேய்ந்தான்குளத்தில் உள்ள புது பஸ் ஸ்டாண்டில் விடும். ரயில் நிலையம் ஜங்ஷனில். இரண்டும் பக்கத்தில் இல்லை, இடையில் சில கிலோமீட்டர். ராத்திரி வண்டியில் வந்து விடியற்காலை மூன்று மணிக்கு இறங்குகிறவர்கள், வெளிச்சமும் ஆட்களும் உள்ள பஸ் ஸ்டாண்டிலேயே இருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்புங்கள். செங்கோட்டைப் பக்கமும் திருச்செந்தூர்ப் பக்கமும் போகிறவர்களுக்குப் பாசஞ்சர் ரயில் இருக்கிறது. அதன் நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸைவிட அதையே சொல்வேன். நாற்கரச் சாலையில் போகும் இடைநில்லா வண்டியில் ஏறினால் உங்கள் ஊருக்குள் போகுமா, பைபாஸில் இறக்கிவிடுமா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். நாங்குநேரிக்காரர்களின் நெடுநாள் குறை இது. பைபாஸில் இறங்கி, வேகமாக வரும் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கும் வயசானவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. அந்த ஊர் ஜனங்கள்தான் கையில் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் டிரைவர் வண்டியைத் திருப்புவார். அவரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம்.

ஆற்றைக் கடப்பது இங்கே எப்போதும் பெரிய பாடு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் பாலம் இல்லாத காலத்தில் கொக்கிரகுளத்தில் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. இன்றும் நம் டவுன் பஸ்கள் அவர் பெயரில் உள்ள பாலத்தின் வழியாகத்தான் போகின்றன. தனக்கு மட்டும் படகு கிடைத்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம், நினைக்கவில்லை.

மறுபடி விலக்குக்கே வருகிறேன், கடைசி வண்டியோடு. கிராமத்துப் பெண்கள் எந்த வேலைக்குப் போகலாம், எந்த வகுப்பில் சேரலாம் என்பதைக் கடைசி வண்டியின் நேரம்தான் தீர்மானிக்கிறது. எட்டே கால் வண்டி நின்றுபோனால் ஜவுளிக்கடை வேலை போச்சு, கம்ப்யூட்டர் கிளாஸ் போச்சு. கடைசி வண்டி வராமல் போன நாட்களில்தான் முன்பின் தெரியாதவர் பைக்கில் ஏற வேண்டியிருக்கிறது. ஆட்களை அடைத்த லோடு ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் கடைசி வண்டியை ஆள் குறைவு என்று சொல்லி நிறுத்தக் கூடாது. அதில் நாலு பேர் வந்தாலும் அந்த நாலு பேருக்கு வேறு வழி கிடையாது. விலக்கில் ஒரு விளக்கு எரிவதும் அதைப் போலத்தான். பஞ்சாயத்தில் மனுக் கொடுப்பதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம், இதை முதலில் எழுதுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் படித்தபோது மாதத்தில் நாலைந்து நாள் கடைசி வண்டி ஆகிவிடும். எங்கள் விலக்கில் விளக்கு இல்லை. ஒரு மழைநாள் ராத்திரி இறங்கப் போகும்போது கண்டக்டர் கேட்டார், "ஏம்மா, கூட்டிட்டுப் போக ஆள் வாராங்களா?"

"அப்பா வருவாக, அண்ணாச்சி."

வெளியே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. விசில் கொடுக்கவில்லை. டிரைவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, எங்கள் ஊர் ரோட்டுக்கு நேராகத் திருப்பி, பெரிய லைட்டைப் போட்டார். மழைக்கோடுகளுக்கு நடுவில் உடைமரங்கள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்தில் அப்பாவின் சைக்கிள் விளக்கு அசைந்து அசைந்து வந்து, வளைவைத் தாண்டியதும்தான் வண்டி கிளம்பியது.